ஓல்கர் மேலே கொட்டகையில் இருக்கிறார்

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் மழை இல்லை. நேற்றைய சோறு மிச்சமில்லாததால் புதிதாக வடித்து பீன்ஸ் போட்டுக் கிளறினேன். புதுச்சோற்றில் கிளறினால் குழைந்து போகும். குழைந்துதான் போனது. சாப்பிட நான் ஒருத்திதானே, யார் குறை சொல்லப் போகிறார்கள். கனேலோவுக்கும் ஒரு கரண்டி வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாய்க்குக்கூடத் திமிர்.

பத்து மணி வாக்கில் தொலைபேசி. வடக்கேயிருந்து மாட்டுத் தீவனக்காரர், தோன் எலாதியோ. நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். "தோன் ஓல்கர் இருக்காருங்களா?" என்றார். மேலே கொட்டகையில் இருக்கிறார் என்றேன். சரிங்க, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டார்.

ஓல்கர் போன அக்டோபரில் செத்துப் போனார். பொய் சொல்ல வேண்டும் என்று நான் சொல்வதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து யார் அவரைக் கேட்டாலும் என் வாயில் வந்தது அந்த ஒரு பதில்தான், இப்போதும் அதுவே வருகிறது. மாட்டை அவிழ்த்துவிடப் போனவரை, கொட்டகையோடு சேர்த்து ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. ஆளும் இல்லை, கொட்டகையும் இல்லை. பதில் மட்டும் பாக்கி.

செப்டம்பர் 4, புதன்

கிரெத்தெல் வந்திருந்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி அவளுடையது. பிள்ளைகளை எங்களைப் போன்றவர்கள் வீட்டில் தங்க வைப்பாள். முன்பெல்லாம் என் வீட்டில் ஆள் இல்லாத மாதம் கிடையாது. ஓல்கருக்குப் பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு பெண்ணை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் என்கிறாள். நான் "பார்க்கலாம்" என்றேன். இந்த ஊரில் யாரும் யாரிடமும் இல்லை, முடியாது, தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், இந்த ஊர்க்காரியான கிரெத்தெலுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே, "ரொம்ப நன்றி, திங்கட்கிழமை வர்றா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்டிக்காரி.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படுக்கை விரிப்பை மாற்றினேன்.

செப்டம்பர் 7, சனி

யோர்லெனி வந்தாள். ஓல்கரின் தங்கை, இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். வருட ஜெபம் பற்றிக் கேட்க வந்தாள். இறந்ததும் ஒன்பது நாள் ஜெபமாலை, பிறகு மாதா மாதம், வருடம் முடிந்ததும் பெரிதாக ஒன்று, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. ஒன்பது நாளும் உட்கார்ந்தேன். மாதத்து ஜெபங்களை அவளே அவள் வீட்டில் வைத்துக்கொண்டாள். வருட ஜெபம் மனைவி வீட்டில்தான் நடக்க வேண்டுமாம்.

வேண்டாம் என்றேன். நேராகவே சொன்னேன், அதுவே அவளுக்குப் பெரிய அடி.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரல அண்ணி உங்களுக்கு. கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. ஊரே கேக்குது."

"ஊருக்கு என்ன சொன்னீங்க?"

"உள்ளுக்குள்ள அழுதுட்டு இருக்காங்கன்னேன். வேற என்ன சொல்றது."

காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். இனிப் பேசமாட்டாள்.

வருட ஜெபம் முடிந்தால் துக்கம் முடிந்தது என்று கணக்கு. இன்னும் தொடங்கவே இல்லையே, எதை முடிப்பது? உள்ளுக்குள்ளும் அழவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

பெண் வந்துவிட்டாள். பெயர் மாரிட். நார்வேக்காரி, இருபது வயது. முதுகில் அவளைவிட உயரமான பை. வந்தவள் முதலில் கேட்டது தண்ணீர், அடுத்துக் கேட்டது அத்திமரம் எங்கே என்று.

விலாசம் அப்படித்தான் கொடுத்திருக்கிறாள் கிரெத்தெல்: அத்திமரத்துக்குத் தெற்கே, பச்சைக் கதவு. அந்த மரத்தை நான் இந்த ஊருக்கு மருமகளாக வருவதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். ஆனாலும் விலாசம் அத்திமரம்தான். பாவம், வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக மரம் தேடியிருக்கிறாள். யாரைக் கேட்டாலும் "இதோ, முன்னாடிதான்" என்று கை காட்டியிருக்கிறார்கள்.

"இல்லாத மரத்தை வைத்து எப்படி வழி சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். புத்தகத்தில் படித்த பேச்சு, ஒவ்வொரு சொல்லையும் கழுவி எடுத்து வைப்பாள். எல்லோருக்கும் தெரியுமே என்றேன். எனக்குத் தெரியாதே என்றாள். அதுவும் சரிதான்.

நாயைப் பார்த்து நான் "கனேலோ, நீங்க கொஞ்சம் நகருங்க" என்றதற்கு ஒரே சிரிப்பு. நாய்க்குமா நீங்க? இங்கே குழந்தைக்கும் நீங்கதான், கோழிக்கும் நீங்கதான். பெரியவர்கள் என்றால் பெயருக்கு முன்னால் தோன், தோன்யா என்ற மரியாதையும் சேரும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சௌசௌ சூப். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து யார் இவர் என்று கேட்டாள். தொப்பியோடு, தலையை மாட்டின் விலாவில் முட்டுக்கொடுத்துப் பால் கறக்கும் படம். என் கணவர் ஓல்கர் என்றேன்.

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"மேல கொட்டகைல."

சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். குழாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது, இவள் தோன் எலாதியோ இல்லை, இங்கேயே இருக்கப் போகிறவள் என்று. திரும்பிப் போய்ச் சொல்லலாம். சொன்னால் அவள் முகம் மாறும், கையைப் பிடிப்பாள், நான் ஏதாவது உணர வேண்டியிருக்கும். தட்டைக் கழுவினேன்.

செப்டம்பர் 14, சனி

சுதந்திர தினத்துக்கு முந்தின மாலை. பிள்ளைகள் எல்லாம் விளக்குக் கூண்டு தூக்கிக்கொண்டு ஊர்வலம். மாரிட்டும் அட்டையில் ஒன்று செய்தாள், வீடு மாதிரி. கதவுக்குப் பச்சைத் தாள். என் வீடாம். அவளோடு தெருமுனை வரை போனேன். எதிர்ப்பக்கம் யோர்லெனி நின்றாள், என்னைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை.

எல்லோரும் பாடினார்கள். நானும் வாயசைத்தேன்.

செப்டம்பர் 18, புதன்

லீவு கிடைத்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஞாயிறு ராத்திரி எரிமலைப் பக்கம், கூடாரம் போட்டுத் தூங்கினாளாம். உண்ணிக்கடியோடு வந்தாள். அவள் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். அம்மாவும் இப்படிச் சுற்றினவள்தானாம்.

மூன்று மணிக் காப்பிக்கு மட்டும் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடுவாள். ரொட்டியைக் காப்பியில் நனைத்துச் சாப்பிட நான்தான் பழக்கினேன். இன்று நனைத்துக்கொண்டே கேட்டாள், தோன் ஓல்கர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று.

"மழைக்காலத்துல அங்கயே தங்கிடுவாரு. மாட்டை விட்டுட்டு வர முடியாதில்ல."

இது தானாக வாயில் வந்ததில்லை. இதை நான் யோசித்துச் சொன்னேன்.

தனியாக இருப்பாரா, சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்றெல்லாம் கேட்டாள். அவருக்கு இனிப்பு ரொட்டி என்றால் உயிர் என்றேன். அது மட்டும் உண்மை.

செப்டம்பர் 23, திங்கள்

தோன் எலாதியோ. மேலே கொட்டகையில் என்றேன். அப்புறம் கூப்பிடறேன் என்றார். மாரிட் பாடம் எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே பொய்யை இரண்டு பேருக்குச் சொன்னால் அது கொஞ்சம் நிஜம் மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

விடிகாலையில் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேல் அருவிக்குப் போகிறாளாம். கைபேசி வரைபடத்தில் எங்கள் மலை வெறும் பச்சைத் திட்டாகத்தான் தெரிகிறதாம், வழி சொல்லுங்கள் என்றாள். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஆற்றோரமாகவே ஏறுங்க, ஓல்கரோட கொட்டகை வரும், அங்கே இடது பக்கம் திரும்பினால் தொங்குபாலம், பாலம் தாண்டினால் தண்ணீர்க் குழாய் போகும், அது கூடவே போங்க என்றேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காப்பிக்கு வந்துவிடுவேன் என்றாள்.

அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது, திரும்பச் சொன்ன இடத்தில் கொட்டகை இல்லையே என்று. ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கை ஈரமாக இருந்தது. வழியில் யாரையாவது கேட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன். சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

மத்தியானத்திலிருந்து மழை.

செப்டம்பர் 29, ஞாயிறு

மூன்று மணிக் காப்பி ஆறிவிட்டது.

மறுபடி சூடு பண்ணினேன். அதுவும் ஆறிவிட்டது.

ஆறு மணிக்கு கிரெத்தெலைக் கூப்பிட்டேன். பஸ் தவறியிருக்கும் என்றாள். மலைக்கு ஏது பஸ்? ரெண்டு பேருக்குமே அது தெரியும். பிறகு, கிரேவினிடம் சொல்கிறேன் என்றாள். கிரேவின் யோர்லெனியின் மகன், மீட்புக் குழுவில் இருக்கிறான். போன வருடம் ஓல்கரைத் தேடிக் கண்டெடுத்ததும் அவன்தான்.

ஏன் கூப்பிடலை நான்? தெருமுனைதானே. கை ஈரமா இருந்துச்சாம். கை ஈரமா இருந்தா வாயுமா அடைச்சுப் போகும்?

செப்டம்பர் 30, திங்கள்

உட்கார முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் கிரேவின் ஆட்களோடு மேலே போனான். நான் சொன்ன வழியிலேயே, கொட்டகை இருந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பி, பாலம் தாண்டி, அருவி வரை பார்த்துவிட்டார்கள். ஆள் போன தடமே இல்லை. கீழே வந்து என் வாசலில் நின்றான். சேறு இடுப்பு வரை. காலணியோடு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். மாமாவைப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

ஏன் என்றேன்.

சனிக்கிழமை காலையில் ரொட்டிக் கடையில் இனிப்பு ரொட்டி வாங்கியிருக்கிறாள். தோன் ஓல்கருக்கு என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரி ஒன்றும் சொல்லாமல் நல்ல தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். ஆற்றங்கரையில் கிழவர் செப்பேயிடம் தோன் ஓல்கரின் கொட்டகை எங்கே என்று கேட்டிருக்கிறாள். செப்பே "இதோ, முன்னாடி" என்று கை காட்டியிருக்கிறார். இன்னும் மேலே விறகு வெட்டுகிறவனிடம் கேட்டிருக்கிறாள். அவனும் முன்னாடி என்றிருக்கிறான்.

"ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு செப்பேயைக் கேட்டேன். கையில ரொட்டியோட சிரிச்சுக்கிட்டு நிக்குது, அந்த ஆளு செத்துட்டாருன்னு எப்படிப்பா வாய் வரும்ங்கறாரு."

எனக்கு வராத வாய் செப்பேக்கு மட்டும் எப்படி வரும்?

நான் அடுப்பை அணைத்தேன். முன்னாடி, முன்னாடி என்று எல்லோரும் சொன்னால் அவள் ஏறிக்கொண்டேதான் இருப்பாள். தகரக் கூரை போட்ட எதையாவது பார்க்கும் வரை ஏறுவாள். ஆற்றோரம் அதற்கு மேலே வருகிற முதல் தகரக் கூரை, காப்பிப் பழம் அளந்து வாங்குகிற கொட்டகை. அறுவடைக்கு முன்னால் அங்கே ஈ காக்கை இருக்காது. அதையே ஓல்கரின் கொட்டகை என்று எண்ணியிருப்பாள். ஆள் இல்லை என்றதும், நான் சொன்னபடியே இடது பக்கம் திரும்பியிருப்பாள். அந்த இடது பக்கப் பாதையைப் போன வருடத்து மண்சரிவு பாதியில் அறுத்துவிட்டது. பாதை அப்படியே பள்ளத்தில் முடியும்.

இதை கிரேவினிடம் சொன்னபோது அவன் ஓடத் தொடங்கிவிட்டான். நானும் போனேன். வேண்டாம் அத்தை என்றான். கனேலோ எனக்கு முன்னால் போயிற்று.

அந்த அக்டோபருக்குப் பிறகு ஆற்றுப் பாதையில் நான் கால் வைத்ததே இல்லை. இன்று கொட்டகை இருந்த இடத்தைத் தாண்டினேன். சிமெண்டுத் தரை ஒரு மூலை மட்டும் இருக்கிறது. மாடு கட்டும் இரும்பு வளையம் அதில் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் புல். நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

கனேலோதான் குரைத்தது. பள்ளத்தில் பாதி ஆழத்தில் ஒரு மர வேரில் அவளுடைய ஆரஞ்சு நிறக் கூடாரத் துணி. அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கி இருந்தது. உதடு நீலம். கண் திறந்திருந்தது. உயிரோடு இருந்தாள்.

நாயிடம்கூட நீங்க போட்டுப் பேசுகிற நான், மேலே இருந்து கத்தினேன், "ஏண்டி! ஏண்டி திரும்பி வரல நீ?" என் குரலா அது என்று இருந்தது.

கிரேவின் கயிற்றில் இறங்கி அவளைக் கட்டி ஏற்றினான். பாதையில் படுக்க வைத்ததும் என் கையைத் தேடிப் பிடித்தாள். அந்த நிலைமையிலும் ஒவ்வொரு சொல்லாகக் கழுவி எடுத்து வைத்தாள்:

"மன்னிக்க வேண்டும், தோன்யா மரியேலோஸ். தோன் ஓல்கரின் ரொட்டியை நான் சாப்பிட்டுவிட்டேன்."

எல்லோருக்கும் கேட்டது. கயிற்றைச் சுற்றுகிறவன் சுற்றிக்கொண்டே இருந்தான். கிரேவின் ஆற்றைப் பார்த்தான். பரவாயில்லை என்றேன் நான்.

அக்டோபர் 1, செவ்வாய்

அவளுடைய காலுறை கொடியில் காய்ந்துவிட்டது. எடுத்து மடித்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

ஆஸ்பத்திரி. கணுக்காலில் தகடு வைத்திருக்கிறார்கள். நெற்றியில் கீறல். பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனேன், வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். எதுவும் யோசனையில் வரவில்லை, பஸ் வேகம் குறைந்த இடங்கள்தான் நினைவிருக்கிறது.

அவளே வழி செய்து கொடுத்தாள். நான் தொலைந்துபோனது தோன் ஓல்கருக்குத் தெரியுமா, அவரும் தேட வந்தாரா என்று கேட்டாள்.

"அவர் செத்துட்டார். போன அக்டோபர்ல. கொட்டகையையும் ஆறு கொண்டுபோயிடுச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் பாஷையில் ஏதோ சொன்னாள், எனக்குச் சொன்னது இல்லை. பிறகு எங்கள் பாஷையில்:

"அப்படியானால் நீங்கள் என்னை எங்கே அனுப்பினீர்கள்?"

தெரியாது என்றேன். இங்கே யாரும் சொல்லாத சொல். சொல்லிவிட்டேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரி எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள். அதைத் தின்றேன். புளிப்பு தெரியவில்லை.

அக்டோபர் 5, சனி

கிரெத்தெல் வந்தாள். மாரிட் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு வீட்டுக்குப் போகிறாள், அவளுடைய சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தாள். வாசலிலேயே நின்று, வெயில் அடிக்கிறது, காப்பிச் செடிக்கு நல்லது என்றெல்லாம் பேசினாள். இனி என் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பமாட்டாளா என்று நானே கேட்டேன்.

"பார்க்கலாம், தோன்யா மரியேலோஸ்."

சரி.

சாமான்களைக் கட்டிக் கொடுத்தேன். அட்டை வீட்டு விளக்கை அவள் பையில் வைத்தால் நசுங்கிவிடும். இங்கேயே இருக்கட்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

காஸ் சிலிண்டர்க்காரப் பையன் வந்தான். மேல் தெருவுக்கு வழி கேட்டால் இப்போது "நார்வேக்காரி விழுந்த இடத்துக்குக் கீழே" என்கிறார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னான், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் பிழைத்தாள், அதற்குள் ஊர் அவளைக் குறியாக்கிவிட்டது. அத்திமரமும் ஓல்கரின் கொட்டகையும் இருக்கிற வரிசையில் அவளும் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குப் பயமாக இருந்தது. அவள் உயிரோடு இருக்கும்போதே "இருந்த இடம்" ஆகிவிட்டாளே என்று. பயம் என்று எழுதிவிட்டுப் பார்க்கிறேன். ஆமாம், பயம்தான். இத்தனை நாளில் முதலாவதாக வந்தது இதுதான்.

அக்டோபர் 11, வெள்ளி

யோர்லெனி வீட்டுக்குப் போனேன். சமையலறையில் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வருட ஜெபத்தை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

கத்தியைக் கீழே வைக்காமலே, "பார்க்கலாம்" என்றாள்.

நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது பாதி, அழுதது பாதி, எல்லாம் இந்த மரவள்ளிப் பால் கண்ணில் பட்டதுதான் என்றாள். மரவள்ளிக்கு ஏது அப்படிப் பால்?

"கோழி சோறுதான் பண்ணணும் அண்ணி. அண்ணனுக்கு அதுதான் பிடிக்கும்."

"இனிப்பு ரொட்டியும்."

"அது வேணாம்" என்றாள் சட்டென்று. ரொட்டிக் கதை ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. பிறகு, "செப்பே வந்து கேட்டாரு, உங்க மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு" என்றாள்.

நான் எல்லோர் முகத்திலும் முழித்துக்கொண்டுதானே இருக்கிறேன். வரச் சொல்லுங்க என்றேன்.

அக்டோபர் 19, சனி

ஜெபம் நடந்தது. நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்திலிருந்து கடன் வாங்கினோம். செப்பே கதவுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஜெபம் சொல்லுகிறவள் ஜெபமாலையைப் பத்துப் பத்து மணியாக உருட்டி, ஒவ்வொரு பத்துக்கும் ஓல்கரின் பெயரைச் சொன்னாள். முழுப்பெயர். அவருக்கே பிடிக்காத நடுப்பெயரோடு.

நான்காவது பத்தில் வாசலில் டாக்ஸி. மாரிட், இரண்டு ஊன்றுகோல், தோளில் துணிப்பை. ஜெபம் நிற்கவில்லை, ஆனால் குரல்கள் எல்லாம் கொஞ்சம் இறங்கின. கிரேவின் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். முடியும் வரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் என்னிடம் வந்து துணிப்பையைத் திறந்தாள். நல்ல தாளில் சுற்றிய ரொட்டி.

"இது தோன் ஓல்கருக்கு. போன முறை கொடுக்க முடியவில்லை."

என்னால் வாங்க முடியவில்லை. யோர்லெனி வாங்கினாள். வேண்டாம் என்று சொன்னவளே அதை அறுத்து, முதல் துண்டைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மிச்சத்தை எல்லோருக்கும் கொடுத்தாள். செப்பே தன் துண்டைத் தின்னாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான் அழவில்லை. எனக்கும் சேர்த்து யோர்லெனி அழுதாள்.

எல்லோரும் போன பிறகும் மாரிட் போகவில்லை. இன்னும் கோபமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஆனால் இப்போது தங்கியிருக்கிற வீட்டில் காப்பிக்கு ரொட்டியே கொடுப்பதில்லையாம். அறை காலியாகத்தான் இருக்கிறது என்றேன். அட்டை வீட்டைப் பார்த்தாள், அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

பத்து மணிக்குத் தொலைபேசி. அடுப்பில் பீன்ஸ். மாரிட் அறையில் இருந்தாள்.

"தோன் ஓல்கர் இருக்காருங்களா?"

வாய் திறந்துவிட்டது. 'மேல' என்பது வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்தினேன்.

"அவர் செத்துட்டாருங்க, தோன் எலாதியோ. சனிக்கிழமையோட வருஷம் முடிஞ்சுது."

அந்தப் பக்கம் லாரி ஒன்று கடந்து போகிற சத்தம் மட்டும்.

"தெரியுங்க, தோன்யா" என்றார். "போன டிசம்பர்லயே பால் லாரிக்காரர் சொன்னாரு."

"அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"மொத தடவை தெரியாமதான் கேட்டேன். மேல கொட்டகைல இருக்காருன்னு சொன்னீங்க. அப்புறம் தெரிஞ்சுது. நான் கூப்பிடாம விட்டுட்டா, அவரு இல்லன்னு நானும் சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு... அது எனக்கு வரலைங்க. அதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

பார்த்ததே இல்லாத ஆள். எங்கேயோ வடக்கே ஒரு தீவனக் கடையில் உட்கார்ந்துகொண்டு, மாதா மாதம் என் ஓல்கரைக் கொட்டகையில் நிற்க வைத்திருக்கிறார். எனக்காக.

அப்போதுதான் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த இரும்பு வளையம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை என்று சொன்னால் போதாது. கனேலோ பயந்துபோய் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது. காப்பி ஆறுது வாங்கன்னு அன்னிக்குக் கூப்பிட்டேனே. மாட்டை அவுத்துட்டு வந்துடறேன்னாரே. வரவே இல்லியே நீங்க. வரவே இல்லியே.

தோன் எலாதியோ தொலைபேசியை வைக்கவில்லை. நான் அழுது முடிக்கிற வரை அந்தப் பக்கம் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், இனிமேல் கூப்பிடட்டுமா வேண்டாமா என்று கேட்டார். கூப்பிடுங்க, என்னைக் கேட்டுக் கூப்பிடுங்க என்றேன்.

பீன்ஸ் அடிப்பிடித்துத் தீய்ந்துவிட்டது. ஒற்றைக் காலில் குதித்து வந்து மாரிட்தான் அடுப்பை அணைத்திருக்கிறாள். எனக்குப் பக்கத்தில் தரையில், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியாது.

மத்தியானத்துக்கு முட்டையும் சௌசௌவும். உப்பு கூடிவிட்டது, எனக்கே தெரிந்தது. பானையை ஊறப் போட்டிருக்கிறேன்.